நெருப்புப் போடாத மூன்று நாள்

மலாக்கா, கிளேபாங் கடற்கரைக்குத் தேங்காய் சேக் குடிக்கப் போகிறவர்கள் அந்தக் கறுப்பு நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்காமல் திரும்ப முடியாது. அதன் பெயர் உவெஸ்ஸான். பிரான்சு நாட்டின் ஷெர்பூர் நகரில் கட்டப்பட்டு, 1978இல் அந்நாட்டுக் கடற்படையில் சேர்ந்தது. 2001இல் ஓய்வு பெற்றது. பிறகு 2005 முதல் 2009 வரை நம் அரச மலேசியக் கடற்படை வீரர்கள் பிரெஸ்ட் துறைமுகத்தில் அந்தக் கப்பலில்தான் பயிற்சி பெற்றார்கள். 2011இல் மலேசியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, அருங்காட்சியகமாகக் கரையில் நிறுத்தப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில் என் தந்தையை அங்கே அழைத்துச் சென்றேன். அப்பா ஜாசின் வட்டாரத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது ஆண்டுகள் பாய்லர் பார்த்தவர். கப்பலுக்குள் மற்றவர்கள் டார்பிடோ குழாய்களையும் அடுக்குப் படுக்கைகளையும் படமெடுத்துக்கொண்டிருந்தனர். அப்பாவோ இரண்டு இரும்புத் தகடுகள் சேரும் இடத்தை விரலால் தடவியபடி நின்றார்.

“இந்த ஒட்ட யாரும்மா சோதிச்சிருப்பாங்க?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். “இது அணுக்கப்பலா?”

“இல்லப்பா, டீசல். இன்ஜின் ஓடக் காத்து வேணும். அதனால அப்பப்ப மேல வந்து, குழாய நீட்டிக் காத்த இழுத்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்திக்கணும். அணுக்கப்பலுக்கு அது வேண்டாம். மாசக்கணக்கா அடியிலேயே இருக்கும்.”

“காத்து இல்லாம என்னத்த எரிப்பாங்க?”

“எதையும் எரிக்கிறதில்ல. யுரேனியம் அணு பிளக்கறப்ப சூடு வரும். அந்தச் சூட்டுல தண்ணிய ஆவியாக்கி டர்பைனச் சுத்துவாங்க.”

அப்பா சிரித்தார். “அப்ப அதுவும் பாய்லர்தானே!”

பட்டமேற்படிப்பு படித்த எனக்கு அதுவரை அப்படித் தோன்றியதே இல்லை. அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆலையில் செம்பனை நாரும் கொட்டை ஓடும் எரிகின்றன. நீர்மூழ்கியில் அணு பிளக்கிறது. உலையைச் சுற்றிவரும் நீரை மிகுந்த அழுத்தத்தில் வைத்திருப்பதால், முந்நூறு பாகை செல்சியசை நெருங்கினாலும் அது கொதிப்பதில்லை. கதிரியக்கம் உள்ள அந்த நீர் தன் குழாய்களை விட்டு வெளியே வருவதே இல்லை. குழாய்ச் சுவரின் வழியாகச் சூட்டை மட்டும் வேறொரு நீருக்குக் கொடுக்கிறது. அந்த இரண்டாவது நீர்தான் ஆவியாகி டர்பைனைச் சுற்றுகிறது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அப்பாவின் முதல் கேள்வியே என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால், ஓர் ஒட்டுக்காக நான் அவருடன் ஒரு வாரம் பேசாமல் இருந்தவள்.

அப்போது நான் படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். லூமுட் கடற்படைத் தளத்தில் போர்க்கப்பல்களைக் காட்டப் பள்ளியில் சுற்றுலா ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்பா பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வாரம் பார்த்து ஆலையின் பாய்லரில் நீர்க்குழாய் ஒன்று கசிந்தது. வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்து, இரவோடு இரவாகப் பற்றவைத்து மூடினார்கள். காலையில் அப்பா அந்த ஒட்டைப் பார்த்தார். மேலே பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால், ஓரத்தில் மயிரிழை போல ஈரம் தெரிந்ததாம். “நான் நெருப்புப் போடமாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

பாய்லர் நின்றால் ஆலையே நிற்கும். குலைகளை வேகவைக்க ஆவி இருக்காது, மின்சாரம் இருக்காது. லாரிகள் சாலை வரைக்கும் வரிசையில் நின்றன. பழம் கிடக்கக் கிடக்க எண்ணெயின் தரம் கெடும். மேலாளர் கத்தினார். கிராணி நயமாகப் பேசிப் பார்த்தார். கூட வேலை செய்தவர்களே, “ஒனக்கு எதுக்கு வம்பு?” என்றார்கள். அப்பா அசையவில்லை. மூன்றாம் நாள் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் பார்த்தபோது, உலோகம் மேற்பரப்பில் மட்டுமே இணைந்திருந்தது. உள்ளே வெறும் இடுக்கு. அழுத்தம் ஏறியிருந்தால் கொதிநீரும் ஆவியும் நேராக அடுப்பு வாயிலில் நிற்பவர் மேல்தான் பாய்ந்திருக்கும். அங்கே நிற்பவர் அப்பாதான்.

அவருக்குப் பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை. மூன்று நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. நான் லூமுட்டுக்குப் போகவில்லை. காரணம் கேட்கும் பொறுமை அன்று எனக்கு இல்லை.

கிளேபாங்கிலிருந்து வந்த பிறகுதான், நீர்மூழ்கிகளை எப்படிக் கட்டுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். தடித்த எஃகுத் தகடுகளை உருளையில் கொடுத்து வளைத்து, முழு வளையங்களாக்குகிறார்கள். வளையங்களைச் சேர்த்துக் கப்பலைப் பகுதி பகுதியாகச் செய்கிறார்கள். இயந்திரங்களையும் குழாய்களையும் உள்ளே ஏற்றிய பிறகு பகுதிகளை ஒன்றோடொன்று பற்றவைத்து இணைக்கிறார்கள். கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு காற்றழுத்தம் கூடும். 300 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 300 டன் எடை அழுத்தும். பத்து டன் குலை ஏற்றிய முப்பது லாரிகளை ஒரு சாப்பாட்டு மேசையின் மேல் அடுக்கியது போல! பாய்லரில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். இங்கே வெளியிலிருந்து உள்ளே நெருக்கும்.

வலுவான எஃகைக் குளிர்ந்த நிலையில் பற்றவைத்தால் விரிசல் விடும். ஆகவே, முதலில் சூடேற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். சில விரிசல்கள் உடனே தோன்றா. பல மணி நேரம் கழித்தே தலைகாட்டும். அதனால் ஓரிரு நாள் பொறுத்திருந்து, ஊடுகதிராலும் செவியுணரா ஒலியாலும் சோதிக்கிறார்கள். ஒட்டியவர் யார், சோதித்தவர் யார் என்பதெல்லாம் பதிவாகும். அப்பாவின் கேள்விக்கான பதில் இந்தப் பதிவேடுகளில்தான் இருந்தது.

இவ்வளவு கண்டிப்புக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1963 ஏப்ரல் 10ஆம் நாள், அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கியான திரெஷர், ஆழத்தில் இறங்கும் சோதனையின்போது அட்லாண்டிக் கடலில் மூழ்கியது. அதிலிருந்த 129 பேரும் மாண்டனர். கடல்நீர்க் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போனதே காரணமாக இருக்கலாம் என விசாரணைக் குழு கருதியது. என்னை உலுக்கியது வேறொரு செய்தி. அதற்கு முன்பே, பழுதுபார்க்கும் காலத்தில், அக்கப்பலின் குழாய் இணைப்புகளில் 145ஐச் சோதித்திருக்கிறார்கள். அவற்றுள் ஏறத்தாழ 14 விழுக்காடு தரக்குறைவானவை. எஞ்சிய இணைப்புகள் பல சோதிக்கப்படாமலே கப்பல் கடலுக்குப் போயிற்று. “நெருப்புப் போடமாட்டேன்” என்று சொல்ல அங்கே ஒருவர் இல்லாமல் போனாரா, சொன்னவர் குரல் எடுபடவில்லையா? அந்த ஆண்டிலேயே அமெரிக்கக் கடற்படை, ஆழ்கடல் அழுத்தத்தைத் தாங்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் சான்று கேட்கும் புதிய பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அத்திட்டத்தின்கீழ்ச் சான்று பெற்ற நீர்மூழ்கி எதுவும் அதன் பிறகு கடலில் தொலைந்ததில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. சென்னைக்குத் தெற்கே, கல்பாக்கம் கடலோரத்தில் இந்தியா ஒரு நீர்மூழ்கி உலையை முதலில் தரையிலேயே கட்டிப் பார்த்தது. 2006 முதல் அது முறையாக இயங்கியது. கடலுக்கு அனுப்புமுன் தவறுகளைக் கரையிலேயே கண்டுபிடிக்கும் ஏற்பாடு அது. விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்ட அரிஹந்த் என்னும் அணுசக்தி நீர்மூழ்கி, 2009 ஜூலை 26ஆம் நாள் தேங்காய் உடைத்து நீரில் இறக்கப்பட்டது. ஆனால், அதன் உலை உயிர்பெற்றது 2013 ஆகஸ்டில்தான். கடற்படையில் சேர்ந்தது 2016இல். நீரில் இறங்கிய பிறகும் ஏழு ஆண்டுகள்! அவசரப்படுத்தியவர்கள் அங்கும் இருந்திருப்பார்கள்.

அரிஹந்த் அணு ஆயுத ஏவுகணைகளைச் சுமக்கும் கப்பல். அதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. அணு ஆயுதமற்ற தென்கிழக்காசியாவுக்காக 1995இல் பாங்காக்கில் கையெழுத்திட்ட நாடுகளுள் நம் நாடும் ஒன்று. மலேசியாவின் இரண்டு நீர்மூழ்கிகளும் டீசலிலும் பேட்டரியிலும் ஓடுபவைதாம். அதுவே போதும் என்பது என் எண்ணம். எனினும், கப்பல் எதற்கானதாக இருந்தாலும் உள்ளே இருப்பவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்தாமே.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். திரெஷரைப் பற்றிச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்துபோய், அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய பாய்லர் பதிவேட்டை எடுத்து வந்தார். ஆலையை மூடியபோது, குப்பையில் போடவிருந்ததைக் கேட்டு வாங்கி வந்தாராம். நேரம், அழுத்தம், நீர்மட்டம், கையொப்பம் என்று பக்கம் பக்கமாக அவருடைய கோணல் எழுத்து. ஓரிடத்தில் மூன்று நாள்களுக்கு அழுத்தம் என்ற கட்டத்தில் வெறும் கோடு. முதல் நாளுக்கு நேராக, “காலை 5.40. ஒட்டு சரியில்லை. நெருப்புப் போடவில்லை” என்று தமிழில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்.

“லூமுட்டுக்கு எவ்வளவும்மா கேட்டாங்க?” என்றார் அப்பா.

“மறந்துபோச்சுப்பா” என்றேன். பதினெட்டு வெள்ளி.