எழுபது வளைவுகளுக்கு மேலே

நிதியாண்டின் இறுதி நெருங்கிவிட்டால் என் போன்ற கணக்கர்களுக்கு ஊணும் உறக்கமும் ஏது? சென்ற மார்ச் மாதத் தொடக்கத்திலும் ஏடுகளில் ஆழ்ந்திருந்தேன். பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் ஓரிரவு ஐயம் கேட்க நோட்டுடன் வந்தாள். “உனக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா?” என்று சீறினேன். அன்றுமுதல் அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை.

“ஒரு நாளில் குடிமுழுகிப் போகாது; கொல்லிமலைக்குப் போய் வருவோம்” என்றாள் என் மனைவி.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது கொல்லிமலை. உயரம் 1000 முதல் 1300 மீட்டர். அடிவாரமான காரவள்ளியைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. எத்தகைய அவசரக்காரரும் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைத் தணித்தே ஆகவேண்டும். சற்றுமுன் கடந்த வயலும் தோப்பும் மீண்டும் மீண்டும் தென்பட்டன. ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே வந்தன.

சீக்குப்பாறையில் நின்று சமவெளியை நோக்கினோம். என்னை இரவும் பகலும் ஆட்டிப்படைத்த அலுவலகம் அந்தப் புகைமூட்டத்துள் எங்கோ ஒரு புள்ளி. தொலைவில் இருந்தவையெல்லாம் சிறுத்துவிட்டன. அருகில் நின்ற மகள் மட்டும் சிறுக்கவில்லை. “நான் அன்று சினந்தது தவறம்மா” என்றேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டி, “அப்பா, அது எந்த ஊர்?” என்று கேட்டாள். பல நாட்களுக்குப் பின் அவள் கேட்ட முதல் கேள்வி அது!

நமக்கு ஓய்விடமான இம்மலை சிலருக்குப் பணிக்களமாயிருந்தது. ஆங்கிலேய மறைப்பணியாளர் ஜெஸ்ஸி பிராண்டு இங்கு மலைமக்களுக்காக உழைத்து, 1929-இல் கருநீர்க் காய்ச்சலால் மறைந்தார். அவர் மனைவி ஈவ்லின், பணி ஓய்வுக்குப் பின்னும் மலைமக்களிடமே திரும்பி வந்தார். 1974-இல் தம் 95-ஆம் வயதில் காலமானார். யாருக்காக உழைக்கிறோம் என்பதை அவர்கள் மறக்கவில்லை. நானோ மறந்திருந்தேன்.

உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடர்களைத் தனிமையான இடத்திற்குச் சென்று இளைப்பாறுமாறு ஆண்டவர் அழைத்தார் என்கிறது மாற்கு நற்செய்தி. அங்கும் அவர்களுக்காக மக்கள் திரள் காத்திருந்தது. விலகிச் செல்வது திரும்பி வருவதற்கே.

திங்களன்று ஏடுகள் அப்படியே இருந்தன. ஆனால் இரவு எட்டு மணிக்கு அவற்றை மூடிவைத்தேன். மகள் நோட்டுடன் வந்து அமர்ந்தாள்.