இமையுடன் ஒரு பேச்சுவார்த்தை

'கண்ணை இமை காப்பதுபோல' என்ற உவமையை எத்தனை தடவை அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகை அலுவலகங்களில் இருந்தவனுக்கு அந்த வரி வந்து சேராத வாரமில்லை. அதிபர் ஒருவர் ஓய்வுபெற்றால் பாடசாலையைக் கண்ணை இமை காப்பதுபோலக் காத்தார். தாயொருத்தி காலமானால் பிள்ளைகளை அவ்வாறே காத்தாள். தேர்தல் வந்தால் வேட்பாளர் தொகுதியை அவ்வாறே காக்கப்போகிறார். கைமாறிக் கைமாறித் தேய்ந்த நாணயம் போல அந்த உவமை எனக்குத் தேய்ந்துபோயிருந்தது. அதன் முழுப்பொருளையும் அறுபத்தெட்டாவது வயதில், என் சொந்த விரலை என் சொந்தக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனபோதுதான் உணர்ந்தேன்.

தொடுவில்லை என்று நூல்களும் 'கொன்டக்ட் லென்ஸ்' என்று மக்களும் சொல்லும் அந்தச் சிறிய பொருளை அணியக் கற்றுக்கொண்ட அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன். இளவயதினர் மூக்குக்கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக அணிவது என்று பலரும் எண்ணும் ஒன்று, பேரப்பிள்ளைகளைக் கண்ட ஒருவனுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிறுவயது முதலே எனக்குக் கடுமையான குறும்பார்வை. இரு கண்களுக்கும் மைனஸ் ஒன்பது அளவில் கண்ணாடி. கடந்த ஆண்டு வலக் கண்ணில் புரை முற்றியதால் சத்திரசிகிச்சை செய்து, உள்ளே செயற்கை வில்லை பொருத்தினார்கள். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வலக் கண், கண்ணாடியின் துணையின்றிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைக் கண்டது. தொல்லை அங்கேதான் தொடங்கியது. இடக் கண் பழைய மைனஸ் ஒன்பதிலேயே நின்றது. அதற்குக் கண்ணாடி போட்டால், தடித்த குழிவில்லை உருவத்தைச் சிறிதாக்கிக் காட்டும். வலக் கண் காட்டும் உருவமோ இயல்பான அளவில் இருக்கும். அளவு வேறுபட்ட இரு உருவங்களை மூளையால் ஒன்றாக இணைக்க முடிவதில்லை. கண்ணாடி போடாவிட்டால் ஒரு கண்ணில் தெளிவு, மறு கண்ணில் மூட்டம்.

கோப்பையில் ஊற்றிய தேநீர் பீரிசில் விழுந்தது. வெள்ளவத்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நிலம் எங்கே இருக்கிறது என்று காலால் தடவித் தேடவேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் மேலாக, மறைந்துபோன நண்பர் ஒருவரின் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கும் பணி என் மேசைமீது காத்திருந்தது. முந்நூறு பக்கங்களுக்கு மேல் ஒப்புநோக்க வேண்டும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பத்துப் பக்கம் படித்தால் தலையிடி வந்துவிடும்.

இடக் கண்ணில் புரை இன்னும் தொடக்க நிலையிலேயே இருந்தது. கடுங்குறும்பார்வையுள்ள கண்ணில் விழித்திரையையும் கவனிக்க வேண்டுமாகையால், அடுத்த சத்திரசிகிச்சைக்கு அவசரப்படத் தேவையில்லை என்று மருத்துவர் கருதினார். "அதுவரை இடக் கண்ணுக்கு ஒரு தொடுவில்லை போட்டுப் பார்ப்போமே" என்றார். வில்லை கண்ணின் மேலேயே அமர்ந்துவிடுவதால் உருவத்தின் அளவு அதிகம் மாறாது. இரு கண்களும் மீண்டும் உடன்படும். கண்ணாடியில் ஒன்பதாக இருந்த எண், கண்ணோடு ஒட்டிய வில்லையில் எட்டளவுக்குக் குறைந்துவிடும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. எழுத்தைப் படிக்க மட்டும் வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்று போதும்.

சொல்வதற்கு எளிது. கண்ணாடிக் கடையில் அந்த வில்லையை என் சுட்டுவிரல் நுனியில் வைத்தபோது, அது நீர்த்துளி ஒன்று உருவம் எடுத்ததுபோல இருந்தது. குறுக்களவு ஏறத்தாழ 14 மில்லிமீற்றர். நடுவில் தடிப்பு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இத்தனை மென்மையான ஒன்று கிடைப்பதற்கு உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. 1888ஆம் ஆண்டில் சூரிச் நகரில் பணியாற்றிய அடோல்ஃப் ஃபிக் என்ற ஜேர்மனிய மருத்துவர், கண்ணின் வெள்ளையையும் சேர்த்து மூடும் கண்ணாடி வில்லைகளைப் பற்றி எழுதினார். முதலில் முயல்களுக்கும், பிறகு தமக்கும் அணிவித்துப் பார்த்தவர் அவர். அவற்றைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. 1948இல் அமெரிக்கரான கெவின் டூஹி கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் வில்லையை உருவாக்கினார். நாம் இன்று அறிந்த மென்வில்லையைத் தந்தவர் செக்கோஸ்லோவாக்கிய இரசாயனவியலாளர் ஒட்டோ விக்டர்லே. நிறுவனத்தில் அவரது ஆய்வுக்கு ஆதரவு நின்றுபோன நிலையில், 1961ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து, பிள்ளைகளின் பொறியியல் விளையாட்டுப் பொருட்களையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்து ஓர் இயந்திரம் செய்தார். சுழலும் அச்சில் திரவத்தை ஊற்றி வில்லையாக்கினார். 1971இல் அமெரிக்கா அவ்வகை வில்லையின் விற்பனைக்கு அனுமதி அளித்தது. பிராக் வசந்தத்தை ஆதரித்ததனால் பதவியை இழந்த அவர், ஆட்சி மாறியபின் 1990இல் தம் நாட்டு அறிவியற் கழகத்தின் தலைவரானார்.

வரலாறு எவ்வளவு தெரிந்திருந்தாலும் இமைக்கு அது தெரியாதே!

கண்ணாடிக் கடையில் எனக்குப் பயிற்சியளித்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். "ஐயா, நீங்களே போடவும் கழற்றவும் பழகின பிறகுதான் வீட்டுக்குத் தருவோம்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். நடுவிரலால் கீழிமையை இழுத்து, மறுகையால் மேலிமையை உயர்த்திப் பிடித்து, சுட்டுவிரலை நெருக்கமாகக் கொண்டுபோனேன். விரல் வருமுன்பே இமை மூடிக்கொண்டது. மீண்டும் முயன்றேன், மீண்டும் மூடியது. ஐம்பது நிமிடங்கள் கழிந்தபோது கன்னம் நனைந்து, கண் சிவந்து, வில்லை மூக்கின்மேல் ஒட்டியிருந்தது. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "இன்றைக்குப் போதும் ஐயா. கண் களைச்சுப்போச்சு" என்றார்.

கருவிழிக்கு முன்னாலுள்ள ஒளிபுகும் படலத்தை விழிவெண்படலம் என்பார்கள். உடலில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களுள் அது ஒன்று. அதிலே இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். தனக்கு வேண்டிய ஒட்சிசனின் பெரும்பகுதியை அது கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே பெறுகிறது. இவ்வளவு நுண்ணிய ஒன்றைக் காக்க இயற்கை வைத்த காவலாளிதான் இமை. அது நம் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை. அறிவு யோசித்து முடிக்குமுன் இமை மூடிவிடும். எனவே அங்கே தைரியத்துக்கு வேலையில்லை. காவலாளியோடு சண்டை பிடித்தால் வெற்றி அவனுக்குத்தான். நாம் கெடுதல் செய்ய வரவில்லை என்பதை அவனுக்குப் பழக்கித்தான் காட்டவேண்டும்.

அதைச் சொல்லித் தந்தவள் ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள்வழிப் பேத்தி. அவள் நான்கு ஆண்டுகளாக வில்லை அணிபவள். கைத்தொலைபேசித் திரையில் என் சிவந்த கண்ணைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகு ஆசிரியையானாள்.

"அம்மப்பா, முதல்ல லென்ஸை மறந்துபோடுங்கோ. கையை வடிவாக் கழுவித் துடைச்சுப்போட்டு, விரல் நுனியில கண்ணுக்கு விடுற உப்புக்கரைசல் ஒரு துளி எடுத்து, கண்ணின்ர வெள்ளையில மெதுவாத் தொட்டுப் பழகுங்கோ. ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம் காணும்."

நான்கு நாட்கள் அதைச் செய்தேன். முதல் நாள் இமை துடித்தது. மூன்றாம் நாள் தயங்கியது. நான்காம் நாள் பொறுத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் அவள் இரண்டாவது பாடத்தைச் சொன்னாள். "நீங்கள் விரலைப் பாக்கிறியள். அதுதான் பிழைக்குது. விரலைப் பாக்காதேங்கோ. விரலுக்குப் பின்னால முகம் பாக்கிற கண்ணாடியில தெரியிற மற்றக் கண்ணைப் பாருங்கோ."

இதிலேதான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. வரும் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை கண் அஞ்சும். அதற்கு அப்பால் ஒன்றைப் பார்க்கக் கொடுத்தால் வரும் பொருள் வெறும் மங்கலாகிவிடும். அதோடு மேலிமையை அதன் மயிர் முளைக்கும் விளிம்பிலேயே பிடிக்கவேண்டும். அதற்கு மேலே பிடித்தால் இமை நழுவிவிடும்.

கடையில் அந்தப் பெண் சொன்ன இன்னொரு நுட்பமும் அப்போது விளங்கியது. இந்த வில்லை ஈரம் மிகுந்த இடத்தைத் தேடிப் போகும் இயல்புடையது. விரல் நனைந்திருந்தால் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். விரல் உலர்ந்திருந்தால் ஈரமான கண்ணுக்குத் தானாகவே தாவிவிடும். வில்லை உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறதா என்பதையும் முன்னரே பார்க்கவேண்டும். விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் நோக்கினால் சிரட்டைபோல் நிமிர்ந்து நிற்கவேண்டும். விளிம்பு பீரிசுபோல் வெளியே விரிந்தால் திரும்பியிருக்கிறது என்று பொருள்.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போனேன். மூன்றாவது முயற்சியில், குளிர்ந்த துளி ஒன்று விழுந்ததுபோல உணர்ந்தேன். விரல் வெறுமையாக இருந்தது. கீழே பார்த்து, இமையை மெதுவாக விட்டு, இரண்டு தடவை மூடித் திறந்தேன். எதிர்ச்சுவரில் இரண்டாக நின்ற எழுத்துகள் நகர்ந்து வந்து ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தன. கடைக்கு வெளியே காலி வீதி ஆழம் பெற்றது. முச்சக்கரவண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது மீண்டும் தெரிந்தது. அந்தப் பெண் கைதட்டவில்லை. "இனிக் கழற்றிக் காட்டுங்க ஐயா" என்றார். நல்ல ஆசிரியருக்குரிய இலக்கணம் அது.

கழற்றுவதுதான் பலருக்கும் பெரிய அச்சம். வில்லை கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்று கேட்காதவர் இல்லை. போகாது. கண்ணின் வெள்ளையை மூடும் மெல்லிய சவ்வு மடிந்து இமையின் உட்புறத்தோடு சேர்ந்துவிடுவதால் பின்னால் செல்ல வழியே கிடையாது. மேலே பார்த்து, சுட்டுவிரலால் வில்லையைக் கீழே வெள்ளைப் பகுதிக்கு இழுத்து, பெருவிரலும் சேர்ந்து நகம் படாமல் மெதுவாகக் கிள்ளி எடுத்தால் வந்துவிடும்.

அச்சப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அது தண்ணீர். குழாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர், வில்லையோடு கண்ணில் தங்கினால் விழிவெண்படலத்தை அரித்துவிடக்கூடும். அரிதாக நேர்வது, ஆனால் நேர்ந்தால் குணப்படுத்துவது கடினம். ஆகவே வில்லையைத் தண்ணீரில் கழுவக்கூடாது, எச்சிலில் நனைக்கவே கூடாது. வில்லையோடு குளிப்பதும் நீந்துவதும் உறங்குவதும் ஆகாது. நான் ஒரு நாள் அணிந்து எறிந்துவிடும் வகையையே தேர்ந்தெடுத்தேன். மாதக்கணக்கில் வைத்திருக்கும் வகையென்றால் கரைசலைத் தினமும் புதிதாக ஊற்றவேண்டும், பெட்டியையும் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும். பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு வில்லைக்குப் பக்கத்தில் போகவேண்டாம். கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

விழிவெண்படலம் ஒன்றைக் கெடுத்துக்கொண்டால் அதற்கு ஈடு, பெரும்பாலும் இறந்த ஒருவர் கொடுத்துச் சென்ற படலமே. இதை இலங்கையர் நன்கறிவோம். 1958இல் மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா பத்திரிகைக் கட்டுரை ஒன்றின்மூலம் கண்தானத்துக்கு வேண்டுகோள் விடுத்தார். 1961இல் இலங்கை கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு விழிவெண்படலங்கள் சென்றன. பின்னர் பாகிஸ்தான், எகிப்து, ஜப்பான் எனப் பல நாடுகளுக்கும் சென்றன. பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை இத்தனை பேருக்குப் பார்வையாகியது என்று நினைக்கும்போது இந்தத் தொழிலில் காலம் கழித்ததற்கு மனநிறைவு ஏற்படுகிறது. அதே வேளையில், பெரும்பாலும் இன்னொருவர் இறந்தால்தான் கிடைக்கும் ஒரு பொருளைக் கழுவாத விரலால் தொடலாகாது என்ற எண்ணமும் எழுகிறது.

இப்போது எனக்குக் காலையில் வில்லை போட இரண்டு நிமிடம் போதும். நண்பரின் தொகுதியில் இருநூற்றுப் பதினாறாவது பக்கம்வரை வந்துவிட்டேன். இரு கண்களும் ஒரே எழுத்தைப் பார்க்கின்றன. அவர் எழுதிய நீண்ட வாக்கியங்களில் முன்பு கண்ணில் படாத காற்புள்ளிகள்கூடத் தெரிகின்றன.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருக்கும் உங்கள் பெற்றோருக்கு வில்லையோ, செவிப்புலன் கருவியோ, புதிய கைத்தொலைபேசியோ எதைப் பழக்க நேர்ந்தாலும், "இது மிகச் சுலபம்" என்று தொடங்காதீர்கள். சுலபம் என்று சொல்லப்பட்ட ஒன்று கைகூடாதபோது முதியவர் கூசிப்போய் அதைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார். முதல் நாள் ஒரு துளி, மறுநாள் இன்னொரு துளி என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் காவலாளிகள் வயதானவர்கள். புதிய முகத்தை நம்ப அவர்களுக்குச் சில நாள் தேவைப்படும்.