மனு நோட்டு

இளைஞர் முகாம்களுக்குப் பேசப் போனா ஒரு கேள்வி தவறாம வருது. "முப்பது வருஷமா ஒரே நிலத்துக்கு மனு குடுத்துக்கினு இருக்கீங்களே, சலிப்பே வரலையா அண்ணே?" தம்பிங்க பாராட்டாத்தான் கேக்குறாங்க. எனக்கு எரிச்சல் வரும். சலிப்பு வராம இருக்க நான் என்ன நட்ட கல்லா? எல்லாருக்கும் வந்தது. சலிச்சவங்களை வெச்சுக்கினே எப்படி ஓட்டுறதுன்னுதான் நாங்க கத்துக்கிட்டோம்.

பஞ்சமி நிலம் பத்தி இந்தப் பத்திரிகை படிக்கிறவங்களுக்குப் புதுசா சொல்ல ஒன்றுமில்லை. செங்கல்பட்டு ஜில்லா பறையர் மக்களின் நிலை பற்றி கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை. அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணை. பத்து வருஷத்துக்கு விக்கக் கூடாது, அதுக்கு மேலயும் நம்ம சனங்களுக்குள்ளதான் கைமாறணும். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அதில் நம்ம கையில் எவ்வளவு மிச்சம் என்று அவரவர் ஊர் ஏரிக்கரையில் நின்று பார்த்தாலே தெரியும்.

1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தாங்க. காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டம் அது. அந்த ஆறு மாசம் எங்க பக்கத்துச் சேரி எதிலும் யாரும் வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கூட்டம் போட்டாலும் திண்ணை நிரம்பும். அப்புறம் வழக்கு, வாய்தா, அலைச்சல். கூட்டம் கரைஞ்சுது. பசங்க மறைமலை நகர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனாங்க. அவங்களைத் 'துரோகி'ன்னு மேடையில் திட்டின தோழர்களும் இருந்தாங்க. அந்தத் திட்டைப் போல இயக்கத்துக்குக் கெடுதல் வேற இல்லை. வூட்ல உலை வைக்கிறது யாரு? திட்டாம விட்ட ஊர்களில் அதே பசங்க சம்பளத்தில் ஒரு பங்கை வக்கீல் செலவுக்குக் குடுத்தனுப்பினாங்க. சில பேர் பத்து வருஷம் கழிச்சித் திரும்பியும் வந்தாங்க.

எங்க காலனியில் கூட்டம் கரைஞ்ச பிறகு மிஞ்சினது பொம்பளைங்க. என் பெரியம்மாதான் பிடியரிசி ஏற்பாட்டைக் கொண்டாந்தது. தினம் உலை வைக்கிறதுக்கு முன்ன ஒரு கைப்பிடி அரிசி தனியா ஒரு சட்டியில். ஞாயித்துக்கிழமை வூடு வூடா வாங்கி வித்தா, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் போக ரெண்டு பேருக்கு பஸ் காசு. எப்பவும் ரெண்டு பேர்தான். ஒருத்தர் எழுதப் படிக்கத் தெரிஞ்சவர், இன்னொருத்தர் நிலத்தின் நாலு எல்லையும் தெரிஞ்சவர். அடுத்த வாரம் வேற ரெண்டு பேர். அறுப்பு மாசத்தில் மனுவே கிடையாது, கூலி முக்கியம். தலைவர் ஒருத்தரே போனா அவர் படுத்த அன்னைக்குப் போராட்டமும் படுத்துடும், இல்லைன்னா அவரைத் தனியா கூப்பிட்டு விலை பேசிடுவான். முறை வெச்சுப் போனதில் இந்த ரெண்டும் நடக்கலை.

போய்வந்தவங்க ஒரு நீள நோட்டில் எழுதணும். தேதி, யார்கிட்ட குடுத்தோம், என்ன பதில், பஸ்ஸுக்கு எவ்வளவு. எழுதத் தெரியாதவங்க சொல்லச் சொல்ல ராப்பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எழுதுவாங்க. அந்த நோட்டைத்தான் அதுங்க வாசகப் புத்தகம் மாதிரி படிச்சுதுங்க. சர்வே நம்பரை எழுதியே எண் கத்துக்கிட்ட பிள்ளைங்க இருக்குது. வாத்தியார் வேலை பாத்த எனக்கு இது வேடிக்கையா இருக்கும்.

நோட்டில் அதிகமா வர்ற வாக்கியம் "ஆதாரம் கேட்டார்". ஆதாரம் இருக்கிற பழைய பதிவேடு அவங்க பீரோவிலேயே இருந்தது. எண்பதுகளில் யூ.டி.ஆர். கணக்கு எழுதும்போது 'டி.சி. நிலம்' என்ற குறிப்பே காணாமப் போய், ஊர்க்காரர்கள் பேரில் சாதாரணப் பட்டாவாக ஏறியிருந்தது. 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்த பிறகு பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி மனுப்போட்டோம். மேல்முறையீடும் போட்ட பிறகுதான் பழைய பதிவேட்டு நகல் வந்தது. அதில் அந்த ரெண்டு எழுத்து இருந்தது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்க இருக்குதுன்னு காட்டச் சொல்லி விரலை வெச்சுப் பாத்துச்சு. அடுத்த வருஷம் போய்ச் சேந்துடுச்சு.

நான் பிள்ளைங்களுக்கு மகத் குளத்துக் கதை சொல்லுவேன். அம்பேத்கர் அந்தத் தண்ணியை அள்ளிக் குடிச்சது 1927 மார்ச் 20. எல்லாரும் நினைவு வெச்சிருக்கிறது அந்த நாளைத்தான். அதுக்குப் பிறகு சாதி இந்துக்கள் போட்ட வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் நமக்குச் சாதகமா முடிஞ்சது 1937இல். ஒரு குளத்துத் தண்ணிக்குப் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷம் வாய்தாவுக்குப் போய்வந்தவங்களை யாரும் படமா வரையலை.

வாச்சாத்தியும் சொல்லுவேன். 1992 ஜூனில் அந்த மலைச்சாதிப் பெண்களுக்கு வனத்துறையும் போலீசும் செய்ததுக்குத் தீர்ப்பு வந்தது 2011இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதுக்குள்ள செத்துட்டாங்க. மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாம நின்னாங்க. அவங்களுக்கும் நமக்கும் ஆயிரம் சண்டை இருக்குது, அது வேற பேச்சு. பத்தொன்பது வருஷமும் சாட்சியை மாத்தாம நின்ன அந்தப் பெண்களை நினைச்சாத்தான் எனக்குப் பேச்சு வராது.

வெண்மணியையும் மறைக்காமச் சொல்லணும். 1968இல் 44 பேரை உயிரோடு எரிச்சாங்க. 1973இல் உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தது. காத்திருந்தா நியாயம் வந்தே தீரும்னு பிள்ளைங்ககிட்ட நான் சொல்றதில்லை. வராமலும் போகும்.

எங்க நிலத்தில் ஏரியை ஒட்டின ஒரு மூலை மட்டும் நம்ம பேருக்கு மாறியிருக்குது. மீதிக்குத் தடை உத்தரவு வாங்கி வெச்சிருக்கான். வந்த மூலையைப் பங்கு போடணும்னு பாதிப் பேரு, எல்லாரும் சேந்து பயிர் வைக்கணும்னு பாதிப் பேரு. ஒருத்தன் ஊர்க்காரனுக்கே குத்தகைக்கு விடலாம்ன்றான். அவனைக் கூட்டத்தை விட்டுத் துரத்தணும்னு பசங்க நிக்கிறாங்க. துரத்த வேணாம், குந்தவெச்சுப் பேசுங்கன்னு சொல்லியிருக்கேன். ரெண்டு ராத்திரி பேசியாச்சு, இன்னும் முடியலை.

இப்ப நோட்டை எழுதுறது ராப்பள்ளியில் படிச்ச ஒரு பொண்ணு. மனுவையெல்லாம் போனில் படம் எடுத்து வெச்சிருக்கேன், நோட்டு எதுக்கு மாமான்னு கேக்குது. ரெண்டும் இருக்கட்டும்மான்னேன். ஜமாபந்திக்கு யார் யார் போறதுன்னு அது எழுதி ஒட்டின சீட்டில் இந்தத் தடவை என் பேர் இல்லை.