அதிராத பெட்டி

ஓசூரை அடுத்த மத்திகிரியில், முதியவர் ஒருவர் உடல் தளர்ச்சியால் தவில் வாசிப்பதைத் துறந்தார். தவிலின் இடப்புறமாகிய தொப்பியின் ஆழ்ந்த முழக்கத்தை அவர் மீண்டும் கேட்க வேண்டுமென்று, மகன் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று செய்தான். மெல்லிய பலகையாலான அப்பெட்டி, தானே அதிர்ந்து இசையைக் குலைத்தது.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அலைகளை எழுப்பும். நொடிக்கு 50 முறை அதிரும் ஒலியின் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளமுடையது. ஆதலின் பின்புற அலை எளிதில் வளைந்து வந்து முன்புற அலையை அழித்துவிடும். அதனைச் சிறைசெய்வதே பெட்டியின் கடன்.

வீணையின் குடம் அதிர்ந்தால் இசை பிறக்கும். இப்பெட்டி அதிராதிருந்தால் இசை தெளியும். இதனை உணர்ந்த மகன், தடித்த பலகைகளை இணைத்து, உள்ளே குறுக்குச் சட்டங்களைப் பொருத்தினான். இருவர் கூடியே அதனைத் தூக்க முடிந்தது. தொப்பி முழங்கியது, முதியவரின் விரல்கள் தாமே தாளமிட்டன.

தாம் அடங்கிநின்று பிறர் குரலை ஓங்கச் செய்வோரும் இப்பெட்டி போல்வரே.