வெளுத்த பவளம்

கடலடியிலும் காடுகள் உண்டு; அவையே பவளப் பாறைகள். பவளம் கல்லன்று, உயிர். அதன் உடலில் வாழும் நுண்பாசியே அதற்கு நிறமும் உணவும் நல்குகிறது. கடல்நீர் மிக வெப்பமுற்றால் பாசி நீங்கும், பவளம் வெளுக்கும். வெப்பம் விரைவில் தணியின் பவளம் மீளும், நீடிப்பின் மடியும்.

மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆம் ஆண்டுகளில் இது நேர்ந்தது. ‘கடலைக் குளிர்விக்க வல்லார் யார்?’ என்று சிலர் கைவிரிப்பர். நான் அதற்கு உடன்படேன். காய்ச்சலுற்றவன் தலையில் சுமை ஏற்றலாமோ? இழுவலையை விலக்குதல், நங்கூரம் பவளத்தின்மேல் விழாது காத்தல், கழிவுநீரைத் தடுத்தல் ஆகியன தீவுக் காவலர்க்கும் கரையோர மக்களுக்கும் இயலும். பிற துன்பம் குறைந்த பவளமே எளிதில் மீண்டெழும். அங்கே சுண்ணாம்பிற்காகப் பவளத்தை வெட்டிய வழக்கமும் சட்டத்தாலும் காவலாலும் பெரிதும் நின்றதன்றோ? பெரும்பணி இயலாதென்று சிறுபணியைக் கைவிடுதல் அறமாகாது.