"ஏற்கெனவே இருந்தது சார்"

சர்வீஸுக்கு விட்ட கார் பின்கதவில் நசுங்கலோடு திரும்பி வந்தது. கேட்டால், "ஏற்கெனவே இருந்தது சார்" என்கிறார் அட்வைசர். சாவி வாங்கியபோது அவரே நிரப்பிய ஜாப் கார்டில் முன் பம்பர் கீறல் மட்டும்தான் இருக்கிறது. அதைக் காட்டியதும் பேச்சு மாறியது: "இன்சூரன்ஸ்ல கிளெய்ம் போட்டுக்கலாமே சார்!" என்ன தாராளம்! அவர்கள் இடித்ததற்கு என் நோ கிளெய்ம் போனஸ் போக வேண்டுமாம்.

அடுத்து, கார்டின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்கள். வண்டி உரிமையாளரின் பொறுப்பிலேயே நிற்கிறதாம். இந்த வரியைப் பார்த்துத்தான் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது: பிறர் பொருளைப் பொறுப்பில் வாங்கியவர், விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும். டெல்லி ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், இப்படி அச்சடித்த வரியைக் காட்டி அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதினேன். மேனேஜரே கூப்பிட்டார். டிங்கரிங், பெயின்ட் இலவசம். (நிறம் கொஞ்சம் வேறுதான், வெயிலில் தெரிகிறது.)

உங்களுக்கு அப்படி அழைப்பு வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சாவி கொடுக்கும் முன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து, அட்வைசருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.