லயத்து வெளிச்சமும் லொறி பெற்றரியும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, வீதிகள் துண்டிக்கப்பட்டன, மின்கம்பங்கள் சாய்ந்தன. தோட்டங்கள் பலவற்றில் நாட்கணக்கில் இருள். அதன் பின்னர் ஊரிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். வீட்டுக்கு ஒரு பெற்றரி வாங்கி வைப்பதென்றால் எதை வாங்குவது? உறவினருக்குப் பணம் அனுப்ப விரும்பும் ஒருவர், "கார் பெற்றரி ஒன்று போதாதா?" என்றார்.

போதாது. அதற்கான காரணத்தை ஒரு மின் பொறியியலாளர் என்னைவிடச் செம்மையாகக் கூறுவார். ஆயினும் இந்தக் கேள்வி மலையகத்துக்குப் புதியதன்று. ஒரு தலைமுறைக்கு முன்னர் எமது மக்கள் இதே கேள்விக்குத் தவறான விடையைப் பெரும் பணம் கொடுத்து வாங்கினார்கள். வேறு விடையை வாங்கும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுத விரும்புகிறேன்.

மின்சாரம் மலைக்கு வராத பொருளல்ல. வெள்ளைக்காரர் காலத்திலேயே ஓடை நீரைக் குழாயில் இறக்கிச் சிறு நீர்மின் இயந்திரங்களை ஓட்டிய தேயிலைத் தோட்டங்கள் இலங்கையில் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆலை ஓடியது, துரையின் பங்களாவில் விளக்கு எரிந்தது. அந்த ஓடைக்கு மிக அருகில் குடியிருந்தவர்களின் லயக் காம்பராக்களில் மட்டும் குப்பி விளக்கு. லயங்களுக்கு மின்சாரம் வந்தது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். பல இடங்களில் 1990களிலும் அதன் பின்னரும்தான். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. கம்பி வருவதற்கு முன்னரே தொலைக்காட்சி வந்துவிட்டது. இரண்டுக்கும் இடையில் கிடந்த அந்தப் பள்ளத்தை நிரப்பியது பெற்றரி. எங்கள் பேச்சில், 'பெட்டரி'.

பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்திலிருந்து பதுளைக்கு வரும் பஸ்களில் அக்காலத்தில் பயணித்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். சாக்கில் சுற்றிய பெற்றரி ஒன்று சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் குந்தியிருக்கும். நடத்துநர் அதற்கும் ஒரு டிக்கட் வெட்டுவார். லயத்திலிருந்து பஸ் பாதை வரை அது தலையில் வந்திருக்கும். கார் பெற்றரி ஏறத்தாழ பதினைந்து கிலோ, லொறி பெற்றரி என்றால் அதைப்போல் இரு மடங்கு. சும்மாடு நனைந்தால் வியர்வையா அமிலமா என்று அப்போது தெரியாது. இரண்டு நாள் கழித்துச் சேலையிலும் சட்டையிலும் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும்போது தெரியும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் உடுப்பைப் பார்த்தே அந்த வீட்டில் டீவி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம் என வேடிக்கையாகப் பேசுவார்கள்.

கணக்கு இதுதான். பன்னிரண்டு வோல்ட்டில் இயங்கும் பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஏறத்தாழ ஒன்றரை அம்பியர் இழுக்கும். பெற்றரி 60 அம்பியர் மணி. அதில் பாதியை மட்டும் பாவித்தால் இருபது மணித்தியாலம். இரவுக்கு மூன்று மணித்தியாலம் பார்த்தால் ஒரு வாரம். வாரம் ஒருமுறை பதுளைக்கு வந்து மின்னேற்றினால் பெற்றரிக்கும் பெரிய குறை வராது. ஆனால் பஸ் கூலி, மின்னேற்றக் கூலி, ஒரு நாள் பெயர் விழாத நட்டம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் குடும்பம் வாரம் ஒருமுறை வருமா? இரண்டு வாரம் இழுப்பார்கள். பெட்டியில் படம் நான்கு பக்கமும் சுருங்கி, நடுவில் ஒரு சிறு சதுரமாகும் வரை பார்ப்பார்கள். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற இரவில் எத்தனை லயங்களில் அரவிந்த டி சில்வாவின் சதம் அப்படிச் சுருங்கிய சதுரத்துக்குள் நடந்தது! முன்யோசனை உள்ளவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே பெற்றரியை மின்னேற்றி வைத்திருந்தனர். அவர்களின் காம்பராவில் அன்று நிற்க இடமில்லை.

அந்தச் சுருங்கிய சதுரம்தான் பெற்றரியின் மரணம். கலைப் பிரிவில் படித்த என்னைப் போன்றவர்களுக்கும் விளங்கும் விதத்தில் இதைச் சொல்லலாம். 1859இல் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய அடிப்படை இன்றும் மாறவில்லை. ஈயத் தட்டுகள், நீர் கலந்த சல்பூரிக் அமிலம், ஓர் அறைக்கு ஏறத்தாழ இரண்டு வோல்ட், ஆறு அறைகளுக்குப் பன்னிரண்டு. மின்சாரம் வெளியேறும்போது தட்டுகளின் மேல் ஈய சல்பேற்று படியும், மின்னேற்றும்போது கரையும். வெறுமையாக்கி நாட்கணக்கில் விட்டுவைத்தால் அது வெண்படிகமாக இறுகி, பிறகு எளிதில் கரையாது. பெற்றரியைப் பாவனை கொல்வதைவிட, பசியோடு போட்டுவைப்பது விரைவாகக் கொல்லும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கார், லொறி பெற்றரிகள் எஞ்சினைக் கிளப்புவதற்கென்று செய்யப்பட்டவை. சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தை அள்ளிக் கொடுக்க வேண்டும். அதற்காக மெல்லிய தட்டுகளை நிறைய அடுக்குவார்கள். ஒரு தடவை கிளப்புவதில் கொள்ளளவின் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் செலவாகும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதுவே நிரப்பிவிடும். அத்தகைய பெற்றரியை அடிவரை வடித்தால் சில பத்துத் தடவைகளில் தட்டுகள் உதிர்ந்துவிடும். ஆழமாக வடித்துப் பாவிப்பதற்கென்றே தடித்த தட்டுகளோடு செய்யப்படும் 'டீப் சைக்கிள்' பெற்றரி பல நூறு தடவை தாங்கும். அது அன்று எங்கள் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை எட்டாது. லயத்துக்கு வந்தது, லொறிக்காரர் கழித்துவிட்ட இரண்டாம் கை பெற்றரி. ஏற்கெனவே பாதி செத்தது.

பதுளையிலிருந்து பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதியில் எமக்கு மீன் வரும். அதே வீதியால் இறங்கி, 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் ஒரு செய்திக்காக வாழைச்சேனைக்குச் சென்றிருந்தேன். அங்கே ஆழ்கடலுக்குச் செல்லும் படகொன்றின் தண்டயலிடம் பேசிக்கொண்டிருந்தபோது, எஞ்சின் அறைக்குள் மரப்பெட்டிகளில் இரண்டு பெற்றரிகள் தனித்தனியாகக் கட்டப்பட்டிருப்பதைக் கண்டேன். எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"தம்பி, இது எஞ்சினுக்கு. அது வெளிச்சத்துக்கும் ரேடியோவுக்கும். வெளிச்சத்துக்குரியது செத்தா இருட்டில கிடப்பம். எஞ்சினுக்குரியது செத்தா வீட்ட வரமாட்டம். இதில ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்றார்.

பெட்டிகள் ஏன் இவ்வளவு உயரத்தில், ஏன் கயிறு, ஏன் மேலே துளைகள் என்றெல்லாம் அவர் பொறுமையாக விளக்கினார். மின்னேறும்போது எழும் வாயு வெளியேற வழி வேண்டும். அலையில் கவிழக் கூடாது. படகின் அடியில் தேங்கும் கடல்நீர் எட்டவே கூடாது. உப்பு நீர் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரீன் நச்சு வாயு உண்டாகும். பாடப் புத்தகம் எதையும் அவர் பார்த்திருக்கவில்லை. கடலில் தவறு செய்தவன் திரும்பி வந்து கதை சொல்லமாட்டான் என்பதால் கரையில் இருப்பவர்கள் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறார்கள் போலும். மலையில் எங்களுக்கு அப்படிச் சொல்லித்தர எவரும் இருக்கவில்லை. மின்னேற்றும் கடைக்காரருக்கே பாதிதான் தெரியும்.

அந்தக் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதுளையில் நான் பார்த்த ஒன்றில் சிறிய அறைக்குள் இருபது பெற்றரிகள் வரிசையாக இருக்கும், மூடிகள் திறந்திருக்கும், உள்ளே நுழைந்ததும் தொண்டை கமறும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம், அதாவது 60 அம்பியர் மணி பெற்றரிக்கு ஆறு அம்பியர், என்பது நல்ல முறை. முற்றாக நிரம்பப் பத்து மணித்தியாலத்துக்கு மேலாகும். ஆனால் வாடிக்கையாளரோ மாலை பஸ்ஸுக்குப் போக வேண்டியவர். ஆகவே மின்னோட்டத்தைக் கூட்டுவார்கள். திரவம் கொதிப்பதுபோல் குமிழியிடும்; "நல்லா ஏறுது" என்பார்கள். உண்மையில் அந்தக் குமிழிகள் நீர் பிரிந்து உண்டாகும் ஐதரசனும் ஒட்சிசனும். ஏற வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி வாயுவாகப் போகிறது. அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தால் 1.26 அளவில் நின்றால்தான் நிரம்பியது என்று பொருள். குழாய் அந்தக் கடையில் இருந்தது, ஆணியில் தொங்கிக்கொண்டு.

குறைந்த நீரை ஈடுசெய்யக் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். லயத்தில் பீலித் தண்ணீரை ஊற்றினார்கள். மலையிலிருந்து விழும் பளிங்கு நீர்தானே என்ற எண்ணம். அதிலுள்ள தாதுக்கள் தட்டுகளைக் கெடுக்கும். வேறு சிலர் வலு கூடும் என்று அமிலத்தையே வாங்கி ஊற்றினார்கள்.

எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்ததை நான் மறக்கவில்லை. மின்னேற்றிய பெற்றரியை மாலையில் சுமந்து வந்தார் ஒருவர். நீர் மட்டம் சரியா என்று பார்க்க மூடியைத் திறந்து குப்பி விளக்கைக் கிட்டே பிடித்தார். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஐதரசன் இருந்தாலே தீப்பற்றும். புதிதாக மின்னேற்றிய பெற்றரியின் வாயில் அதைவிடக் கூடுதலாகவே நிற்கும். வெடித்தது. அமிலம் முகத்தில். அயலவர் ஓடிவந்து தேங்காய் எண்ணெய் பூசினார்கள், வாகனம் தேடினார்கள், அது கிடைக்க நெடுநேரமாயிற்று. லயத்தின் கோடியில் இருபது அடி தூரத்தில் பீலி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழ் அவர் முகத்தைப் பிடித்து, கண்ணைத் திறந்து, இருபது நிமிடம் கழுவ வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு கண் போயிற்று. பத்திரிகையில் அது செய்தியாகவில்லை.

1997 முதல் 2002 வரை உலக வங்கியின் உதவியுடன் நடந்த எரிசக்தி சேவை வழங்கல் திட்டத்தின் மூலம் கிராமப்புறங்களுக்குச் சூரிய மின் தொகுதிகள் கடனுக்கு வந்தன. ஊவாவிலும் கூரைகளில் சிறு நீலத் தகடுகள் முளைத்தன. அதனோடு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் வந்தது. பெற்றரி அளவுக்கு மீறி வடிந்தால் சிவப்பு விளக்கைக் காட்டித் தானே துண்டித்துவிடும். படத்தின் உச்சக்கட்டத்தில் துண்டித்தால் யாருக்குப் பொறுக்கும்? கெட்டிக்கார இளைஞர்கள் அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு வயரை நேரடியாக இழுத்துப் படத்தை முடித்தார்கள். பெற்றரியும் சேர்ந்து முடிந்தது.

இனி நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும் இன்வேட்டருக்குப் பெற்றரி தேடி அலைந்தார்கள், கிடைத்ததை வாங்கினார்கள். இம்முறை நிதானமாக வாங்கலாம். கைப்பேசிக்கும் இரண்டு மூன்று எல்.ஈ.டி. விளக்குக்கும் ஒரு வானொலிக்கும் பெரிய பெற்றரி தேவையில்லை. ஈய அமிலம் என்றால் 'டீப் சைக்கிள்' அல்லது 'டியூபியூலர்' என்று கேட்டு, உற்பத்தித் திகதியைப் பார்த்து வாங்குங்கள். எழுதியிருக்கும் கொள்ளளவில் பாதியைத்தான் உங்களுடையதாகக் கருத வேண்டும். பணம் இருந்தால் லிதியம் அயன் பொஸ்பேற்று நல்லது. பாரம் குறைவு, ஆயிரக்கணக்கான தடவை தாங்கும், வழமையான பாவனையில் வாயு கக்காது. ஆனால் அதற்குரிய மின்னேற்றிதான் வேண்டும். பழைய லொறி மின்னேற்றியை அதில் மாட்டாதீர்கள்.

எதை வாங்கினாலும் அது எங்கே இருக்கப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். அண்மையில் ஒரு லயத்தில் பெரிய ஈய அமிலப் பெற்றரியைக் கட்டிலின் கீழ் கண்டேன். மேலே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காம்பராவில் இடமில்லை என்றார்கள். அது உண்மைதான், பத்துக்குப் பத்து அடிக்குள் சமையலும் படுக்கையும். இருந்தாலும் இஸ்தோப்பில், அடுப்பிலிருந்து விலகி, மழை படாமல், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், காற்றோட்டமுள்ள ஒரு பெட்டியில் வைத்துவிடலாம். அன்று நாங்கள் இருக்கும்போதே மாற்றி வைத்தோம். மின்னேற்றியைக் கழற்றும்போது முதலில் சுவர் ஆளியை அணைக்க வேண்டும் என்பதை அந்த வீட்டு மகள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். பிடியைப் பெற்றரியிலிருந்து இழுக்கும்போது ஒரு பொறி பறந்தால் போதும். பாவிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை நிரப்பி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

செத்த பெற்றரியை மட்டும் வீட்டில் உடைக்காதீர்கள். ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கலாம், பழைய இரும்புக்காரரிடம் கூடுதல் விலை வாங்கலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். செனகல் தலைநகர் டாக்காரின் ஓரத்தில் தியாறோய் சூர் மேர் என்ற கடலோரக் குடியிருப்பு உண்டு. அங்கே பழைய பெற்றரி ஈயத்தைப் பிரித்து விற்கும் தொழில் நடந்தது. மண்ணில் கலந்த ஈயத் தூசு பிள்ளைகளின் உடலில் ஏறி, 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தனர். பழையதை முழுதாகக் கடைக்குக் கொண்டுபோனால் புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, நிமிர்த்தியபடியே எடுத்துச் செல்லுங்கள். தலையில் வேண்டாம், முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் கூலி சட்டையைவிட மலிவு.